ஒத்திகைக்கு வருகிறவர்கள்



இந்த இதழின் நடுப்பக்கங்கள் முழுவதையும் அமெச்சூர் நாடகக் குழுக்களுக்குக் கொடுத்திருக்கிறோம். பகலெல்லாம் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் கடையிலும் நின்றுவிட்டு, சாயங்காலமானால் ஒத்திகைக்கு ஓடுகிறவர்களின் உலகம் அது. அங்கே சம்பளம் இல்லை. பத்திரிகையில் படம் வருவதும் அபூர்வம். மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்து உழைத்த நாடகம் ஒன்றிரண்டு காட்சிகளோடு முடிந்துபோகும். மறுவாரமே அடுத்த நாடகத்துக்குக் கதை தேடத் தொடங்கிவிடுவார்கள். இப்படி ஒரு குழு எப்படிப் பிறக்கிறது, எது அதைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அது ஓய்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று உங்களோடு கொஞ்சம் பேச ஆசை.

அதற்குச் சென்னையின் சுகுண விலாச சபையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1891ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளைஞர்கள். அவர்களில் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியாருக்கு அப்போது வயது பதினெட்டு. தமிழ் நாடகத் தந்தை என்று பின்னாளில் ஊரே கொண்டாடிய அந்த மனிதருக்குச் சிறுவயதில் தமிழ் நாடகங்கள் மேல் மதிப்பே இருந்ததில்லை. விடிய விடிய நடக்கும் ஆட்டம், வசனத்துக்கு இடமில்லாமல் நிறைந்துகிடக்கும் பாட்டு, ஆடுகிறவர்களைப் பற்றி ஊரில் நிலவிய இளக்காரமான பேச்சு எல்லாம் சேர்ந்து அவரைத் தள்ளியே வைத்திருந்தன.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகக் குழு. பல்லாரியில் வக்கீலாக இருந்த கிருஷ்ணமாச்சார்லு, தம்மைப் போன்ற படித்தவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் சேர்த்துச் சரச வினோதினி சபை என்ற குழுவை நடத்திவந்தார். அந்தக் குழு 1891இல் சென்னைக்கு வந்து நாடகங்கள் போட்டது. பார்க்கப் போன பம்மலுக்கு மேடையில் இருந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் வியப்புத் தாங்கவில்லை. வக்கீல் ஒருவர் வேஷம் கட்டலாம் என்றால் நாமும் கட்டலாமே என்ற துணிச்சல் அங்கேதான் பிறந்தது. நாடகம் என்பது யாரோ தொழிலுக்காகச் செய்வது, நாம் காசு கொடுத்துப் பார்ப்பது என்று இருந்த நினைப்பு ஒரு சில மாலைகளில் உடைந்துபோனது. பல்லாரிக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். சென்னையில் ஒரு புதுச் சபை முளைத்தது.

இந்த ஒரு செய்தியைத்தான் இந்த மாதம் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். ஒரு நாடகக் குழுவின் பெரிய விளைச்சல் அது போட்ட நாடகமோ வாங்கிய பரிசோ அல்ல. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் எழுந்துபோய் இன்னொரு குழுவைத் தொடங்குகிறாரே, அதுதான். வாழையடி வாழை என்பார்கள். நாடகக் குழுக்கள் அப்படித்தான் பெருகியிருக்கின்றன.

சபை தொடங்கிய மறுநாளே திரை உயர்ந்துவிடவில்லை. முதலில் ஆட நாடகம் வேண்டுமே! ‘மனோன்மணீயம்’ வெளிவந்ததும் இதே 1891இல்தான். ஆனால் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் அந்தச் செய்யுள் நாடகம் படிப்பதற்காக எழுதப்பட்டது. எடுத்து ஆடத்தக்க உரைநடை நாடகம் தமிழில் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே பம்மல் தாமே எழுத உட்கார்ந்தார். ‘புஷ்பவல்லி’ 1893இல் மேடையேறியது. இரண்டு ஆண்டு காத்திருப்பு! இன்றைக்கு ஒரு குழுவைத் தொடங்கி ஆறு மாதத்தில் எதுவும் அமையவில்லையே என்று சோர்ந்துபோகும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கை நான் அடிக்கடி சொல்வதுண்டு. சந்தா வசூலிப்பது, கூட இடம் பிடிப்பது, யாருக்கு எந்த வேஷம் என்று மனஸ்தாபம் வராமல் பிரிப்பது, எழுதியதைப் படித்துக் காட்டித் திருத்துவது எல்லாம் நாடக வேலையே. வெளியில் தெரியாத வேலை, அவ்வளவுதான்.

1895இல் ‘மனோகரா’ வந்தது. அதன் பிறகு பம்மல் எழுதுவதை நிறுத்தவே இல்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள். ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். வெனிஸ் நகரத்து வணிகனை ‘வாணீபுர வணிகன்’ என்றும், மாக்பெத்தை ‘மகபதி’ என்றும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். இத்தனையும் முழுநேர எழுத்தாளராக இருந்து செய்ததல்ல. அவர் வக்கீல் தொழில் பார்த்தவர். பிறகு சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். பகலில் வழக்குக் கட்டுகள், மாலையில் ஒத்திகை, எஞ்சிய நேரத்தில் எழுத்து. நேரம் இல்லை என்று சொல்ல நம்மில் எவருக்கும் வாய் வராது.

சபையின் நாடகங்கள் நடந்த இடம், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலுள்ள செங்கல் நிறக் கட்டடமான விக்டோரியா பப்ளிக் ஹால். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசை பெஞ்சில் இருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும் என்றால் குரலைப் பழக்க வேண்டும். கத்தினால் பாவம் கெட்டுவிடும், தாழ்த்தினால் காதில் விழாது. பம்மல் ஒத்திகையை விடாமல் வலியுறுத்தியதற்கும், பின்னாளில் நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தனியாக ஒரு புத்தகமே எழுதியதற்கும் இந்த அனுபவமே காரணம் என்று நினைக்கிறேன். வசனம் நெட்டுருவாக இருக்க வேண்டும், குறித்த மணிக்கு நாடகம் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் பெரிய புரட்சி. கூட்டம் சேரட்டும் என்று காத்திருப்பதும், பெரிய மனிதர் வந்து உட்கார்ந்த பிறகு ஆரம்பிப்பதும் அப்போது பழக்கம். இப்போதும் பல ஊர்களில் அந்தப் பழக்கம் போகவில்லை என்பது வருத்தம்.

இதனால் தொழில்முறைக் கம்பெனிகளையும் அவற்றின் பாட்டு நாடகங்களையும் தாழ்த்திச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் குவித்த பாட்டும் வசனமும் இல்லாமல் தமிழ் மேடை இல்லை. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடக்கிறது. ஜனங்கள் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்த மேடைக்குத் தனி மரியாதை உண்டு. சுகுண விலாச சபை சேர்த்தது வேறொன்றை. நாடகம் ஆடுவது தொழிலாக இல்லாதவரும் அதை முழு மனதோடு, முழு ஒழுங்கோடு செய்யலாம் என்ற நம்பிக்கையை அது நகரத்து மனிதர்களுக்குக் கொடுத்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட அந்தச் சபையின் மேடையில் மனோகரனாக நின்றவர்.

இந்தச் சபையின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரங்கவடிவேலு. பம்மல் கதாநாயகனாக நின்றால் எதிரே கதாநாயகியாக நிற்பவர் அவர். பெண்கள் மேடையேறாத சபை என்பதால் ஸ்திரீ பார்ட்டுகள் எல்லாம் ஆண்களுக்கு. அவரும் சட்டம் படித்தவர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வசனம் பேசினார்கள். பம்மல் ஆறு பாகங்களாக எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ புத்தகத்தைப் படிக்கும்போது, இது ஒரு நாடகாசிரியரின் வரலாறா, ஒரு நட்பின் வரலாறா என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கும். 1923இல் ரங்கவடிவேலு மறைந்தார். அந்த இழப்பைப் பற்றி பம்மல் எழுதியிருக்கும் பகுதிகளைக் கடப்பது எளிதல்ல.

நாடகக் குழுவில் இருந்தவர்களுக்கு இந்த நட்பு என்னவென்று தெரியும். உறவுமுறையில் இதற்குப் பெயர் கிடையாது. தினமும் ஒரே வசனத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறவர்கள், மேடையில் ஒருவர் வரி மறந்தால் இன்னொருவர் வேறு ஒரு கேள்வி கேட்டு எடுத்துக்கொடுக்கிறவர்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர்கள். நாடகம் நின்று வருஷங்கள் ஆன பிறகும் பழைய கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். குழுவைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்று மேலே கேட்டேனே, கலை ஆர்வம் பாதி என்றால் மறுபாதி இதுதான்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுகுண விலாச சபை பெரும்பாலும் வசதியும் ஆங்கிலப் படிப்பும் உள்ள ஆண்களின் கூடம். அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகத்தைப் பார்க்க ஜனங்கள் ரயிலேறி வந்தார்கள். மேடைக்குப் பெண்கள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கௌரவமான சபை என்று தன்னை நினைத்துக்கொண்ட இடத்தில் அவர்களுக்கு வாசல் திறக்கவில்லை, அவ்வளவே. அந்த வாசல் இன்றும் முழுதாகத் திறந்துவிடவில்லை. ஒரு சிற்றூர்க் குழுவின் இயக்குநரிடம் உங்களுக்கு எது பெரிய கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். பணம் என்று சொல்வதற்கு முன்னால், நடிக்க வரும் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது என்பார். ஒத்திகை எட்டு மணிக்கு முடியுமா, யார் கொண்டுவந்து விடுவார்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறதே, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? இத்தனைக்கும் பதில் சொல்லி அந்தப் பெண் மேடைக்கு வந்து நிற்கும்போது, நாம் கைதட்டுவது அவள் பேசிய வசனத்துக்கு மட்டும் அல்ல.

இனி, கடல் தாண்டிய கதை. 1911இல் சுகுண விலாச சபை இலங்கைக்குப் போனது. தனுஷ்கோடி வழியான ரயில்–கப்பல் பாதை இன்னும் வராத காலம் அது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்புக்குப் போவதுதான் அப்போது வழக்கம். எத்தனை பேர் கோர்ட்டிலும் ஆபீசிலும் விடுப்பு எடுத்திருக்க வேண்டும், எத்தனை பெட்டி உடுப்பும் திரைச்சீலையும் ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தொழிலாக இல்லாத ஒன்றுக்காக! கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நாடகங்கள் நடந்தன.

பல்லாரிக்காரர்கள் சென்னையில் செய்துவிட்டுப் போனதைச் சென்னைக்காரர்கள் அங்கே செய்துவிட்டு வந்தார்கள். அந்தப் பயணத்தின் சூடு ஆறுவதற்குள் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையும் தோன்றின. பெயர்களைக் கேட்டாலே வம்சம் தெரிகிறது. லங்கா சுபோத விலாச சபையை எழுப்பியவர்களில் முதன்மையானவர், ஈழத்து நாடக உலகம் கலையரசு என்று அழைக்கும் க. சொர்ணலிங்கம். பம்மல் சம்பந்த முதலியாரைத் தம் குருவாக வரித்துக்கொண்டவர். மனோகரா, வாணீபுர வணிகன் போன்ற நாடகங்களை அங்கே எடுத்து ஆடி, வேஷப் பொருத்தத்திலும் ஒத்திகையிலும் காட்சி அமைப்பிலும் ஒரு தலைமுறைக்கே பாடம் சொன்னார். தம் அனுபவங்களை ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற புத்தகமாக எழுதிவைத்தார். ஈழத்து நண்பர்களின் வீட்டு அலமாரிகளில் அந்தப் புத்தகத்துக்கு இருக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறேன். எங்கிருந்தோ வந்த ஒரு குழுவைப் பார்த்த இளைஞர், அதன் பிறகு வாழ்நாள் முழுவதையும் மேடைக்கே கொடுத்துவிடுகிறார். சொர்ணலிங்கம் மறைந்தது 1982இல். அவர் காலத்திலேயே, 1978இல், யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலானவர்கள் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார்கள். போர்ச் சூழலுக்குள் வாழ்ந்த ஜனங்களின் மனக்காயத்தைப் பேசிய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறியது. விக்டோரியா ஹாலின் நாடகத்துக்கும் இதற்கும் வடிவத்தில் வெகுதூரம். ஆனால் சாயங்காலம் கூடி, வசனம் படித்து, தங்களுக்குள்ளேயே ஆளைத் தேடி வேஷம் கொடுத்து நாடகம் போடும் அந்தப் பழக்கம் அங்கே வேரோடியிருந்தது.

தமிழ்நாட்டிலும் சபையின் நாடகங்கள் சபையோடு நின்றுவிடவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக இருந்த கம்பெனி உட்படத் தொழில்முறைக் குழுக்கள் பம்மலின் நாடகங்களை எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோயின. ‘சபாபதி’ 1941இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த படமாக வந்து டி.ஆர். ராமச்சந்திரனையும் காளி என். ரத்தினத்தையும் வீடுதோறும் தெரிந்த பெயர்களாக்கியது. ‘மனோகரா’வுக்கு 1954இல் கலைஞர் வசனம் எழுத, சிவாஜி கணேசன் சங்கிலியை இழுத்துக்கொண்டு பேசிய காட்சி உங்களில் பலருக்குப் பாடமாகவே இருக்கும். அந்த மனோகரன் முதலில் நின்றது, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய மனிதர்களின் மேடையில். பம்மலுக்கு 1959இல் பத்மபூஷண் விருது வந்தது. 1964இல் மறைந்தார்.

சபை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1930களில் அது விக்டோரியா ஹாலை விட்டு மவுண்ட் ரோடுக்குச் சொந்த இடம் தேடிப் போனது. பேசும் படம் வந்து ஜனங்களைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்ட காலம். சபை இன்றும் இருக்கிறது, உறுப்பினர்கள் கூடிப் பொழுதுபோக்கும் ஒரு கிளப்பாக. நாடகம் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும், கட்டடம் இல்லாமல் நாடகம் நடக்கும், நாடகம் போட ஆசைப்படும் நாலு பேர் இல்லாமல் எந்தக் கட்டடமும் அதைக் காப்பாற்றாது என்பதையும் அந்தச் சபைதான் நமக்குக் காட்டுகிறது. அந்த நாலு பேர் வேறு இடங்களில் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்று ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய மேடையைத் தானே கட்டிக்கொண்டது. அவற்றின் பாதை வேறு வேறு, ரசிகர்களும் வேறு வேறு.

நடுப்பக்கங்களில் நீங்கள் படிக்கப்போவது பெயர் பெரிதாகத் தெரியாத குழுக்களைப் பற்றி. அவர்களுடைய மாலைகள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கியிருப்பார்கள். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் சாக்கட்டியால் மேடையின் அளவைக் கோடு போட்டுக்கொள்வார்கள். கதாநாயகனுக்கு ஷிப்டு மாறியிருக்கும். அவனுக்குப் பதில் வேறொருவர் கையில் பிரதியை வைத்துக்கொண்டு நிற்பார். டீ வாங்கப் போனவன் திரும்பி வரும்போது இரண்டாம் காட்சி முடிந்திருக்கும். மேடை நாள் நெருங்க நெருங்க வேலை பெருகும். உடுப்பு வாடகை பேச வேண்டும், மேக்கப்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், மைக்செட்காரர் வேறு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், டிக்கெட் புத்தகங்களை ஆளுக்கொன்றாகப் பிரிக்க வேண்டும். பெட்டி தூக்குகிறவர், விளக்குக்கு வயர் இழுக்கிறவர், கணக்கு நோட்டு எழுதுகிறவர் என்று சிலர் ஒருநாளும் திரைக்கு முன்னால் வரமாட்டார்கள். குழு இருபது வருஷம் நிற்கிறது என்றால் அவர்களால் நிற்கிறது. இந்த இதழில் அவர்களுடைய படங்களையும் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறோம்.

உங்களில் யாருக்காவது பள்ளி ஆண்டு விழாவிலோ மில் தொழிலாளர் நாடகத்திலோ நடித்த பழைய அனுபவம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அச்சிட்ட நோட்டீஸ், டிக்கெட், குழுவாக எடுத்துக்கொண்ட புகைப்படம் எது இருந்தாலும் அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். ஊர்க் குழுக்களின் வரலாறு பெரும்பாலும் இப்படி டிரங்குப் பெட்டிகளில்தான் கிடக்கிறது. பம்மலும் சொர்ணலிங்கமும் உட்கார்ந்து எழுதிவைத்ததால் அவர்கள் சபைகளைப் பற்றி இன்று பேச முடிகிறது. எழுதிவைக்காத சபைகள் எத்தனை இருந்திருக்கும்!

இப்போது குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. அடுத்த இதழ் முதல் ‘இந்த மாத மேடை’ என்ற பகுதி வருகிறது. கட்டணம் எதுவும் இல்லை. நாடகத்தின் பெயர், குழுவின் பெயர், ஊர், இடம், தேதி, தொடங்கும் நேரம் ஆகியவற்றை முந்தின மாதம் இருபதாம் தேதிக்குள் அனுப்பிவையுங்கள். டிக்கெட் விலையையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு உள்ளே வரட்டும். நாங்கள் அச்சிடும் நேரத்துக்குச் சரியாகத் திரை உயர வேண்டும் என்பது ஒன்றே எங்கள் நிபந்தனை.

அன்புடன்,
ஆசிரியர்